ஏர்க்காட்டுப் பாறையும் பூமியின் உள்வெப்பமும்

சென்ற கோடை விடுமுறையில், பூகர்ப்ப சாஸ்திரம் பயிலும் மாணவர் சிலருடன் சேர்வராயன் மலைக்குச் சென்று நான்கு நாள் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் மாலை, லேடீஸ் சீட் என வழங்கும் மலைவிளிம்பில் அமர்ந்திருந்தோம். காலடியில் மலைப்பாதை கொண்டையூசி வளைவுகளாக இறங்கிச் செல்கின்றது. அடிவாரத்தில் மாக்னசைட்டு வெட்டியெடுத்த குழிகளின் வெண்மை தோன்றுகின்றது. அதற்கப்பால் சேலம் நகரம், தென்மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை. எங்களருகே வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மாணவர்கள் பூகம்பத்தைப்பற்றிப் பேசுவதைக் கேட்டுச் சிரித்து, “இது ஆதி மலைங்க ஐயா. உள்ளே அடிமட்டும் ஒரே கருங்கல்லு. ஆடுறதெல்லாம் வடநாட்டு மண்ணுதான்” என்றார். மாணவருள் ஒருவர் என்னை நோக்கி, “இவர் சொல்வது சரிதானா, ஐயா?” என வினவினார். நானும் யோசியாமல், “பெரும்பாலும் சரிதான்” என்று கூறிவிட்டேன்.

அன்றிரவு அவ்விடை என்னை உறங்கவொட்டவில்லை. மலை பழையது என்பது மெய். பாறை உறுதியானது என்பதும் மெய். ஆயினும் இவ்விரண்டிலிருந்தும் பூகம்பம் வாராது என்னும் முடிவு பிறப்பதில்லை. பாறை எப்பொழுது வளையும், எப்பொழுது உடையும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது அதன் வெப்பம். அவ்வெப்பத்தின் வரலாற்றைச் சேர்வராயன் மலையைக்கொண்டே கற்கலாம். என் அவசர விடைக்குப் பிராயச்சித்தமாக இவ்வியாசத்தை எழுதலானேன்.

முதலில் பாறையைப் பார்ப்போம். ஏர்க்காட்டில் ஏரிக்கரையிலாயினும் காப்பித் தோட்டங்களுக்கிடையிலாயினும் புதிதாக உடைந்த கல்லொன்றைக் கையிலெடுத்தால், அது கருநீலமும் பசுமையும் கலந்து எண்ணெய் பூசியதுபோல் மினுமினுக்கும். இதற்குச் சார்னோகைட்டு என்பது பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறையை மூடியுள்ள கல் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லை ஒத்திருக்கக் கண்டு, தாமஸ் ஹாலண்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி 1893 இல் இப்பெயரை இட்டார். மாண்டவரின் பெயரைவிட அவர்மேல் வைத்த கல்லின் பெயரே இன்று உலகெங்கும் பரவியிருப்பது ஒரு வேடிக்கை. மலையுச்சிகளில் காணும் செந்நிறப் பாக்சைட்டும் இச்சார்னோகைட்டு நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து விளைந்ததேயாம்.

இந்தப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாயிற்று. அதனுள் அடங்கிய கனிமங்களின் சேர்க்கையை ஆராய்ந்தவர்கள், அது அன்று தரைக்குக் கீழே 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் 700 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்துகிடந்தது என்று காட்டியிருக்கின்றனர். அஃதாவது, நாம் இன்று காற்று வாங்கி நடக்கும் இடம் ஒரு காலத்துப் பாதாளம். மேலிருந்த இருபது கிலோமீட்டர்ப் பாறையும் யுகயுகமாகத் தேய்ந்து கரைந்து கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. பூமியின் மேலோட்டினது அடிப்பாகம் எவ்வாறிருக்கும் என்று அறிய விரும்புவோர்க்கு ஏர்க்காட்டுக்குச் செல்லும் பேருந்துச் சீட்டே போதுமானது.

அத்துணை வெப்பத்திலிருந்த பாறை எவ்வாறு நடந்துகொள்ளும்? நம் வீட்டுப் பெண்டிர் பாகு காய்ச்சுவதைக் கவனித்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வெல்லப்பாகு ஒரு பதத்தில் கம்பியாக இழுபடும்; ஒரு பதத்தில் உருட்டத் திரளும்; நன்கு ஆறிவிட்டாலோ தட்டியவுடன் சுள்ளென்று ஒடியும். பொருள் ஒன்றே, பதம் வேறு. பாறைக்கும் இத்தகைய பதம் உண்டு. ஆனால் பாகு உருகி ஓடுவது; பாறையோ உருகாமல், திடப்பொருளாக இருந்தபடியே, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் மெல்ல இழுபடுவது. இந்த வேற்றுமையை மாணவர்கள் மறத்தலாகாது. பூமிக்குள் முழுவதும் நெருப்புக்குழம்பு என்று இன்றும் எண்ணுவோர் பலர், அஃது அவ்வாறன்று.

பாறையிலுள்ள கனிமங்களுள் குவார்ட்சு ஏறக்குறைய 300 பாகையிலும், பெல்ஸ்பார் 450 பாகையளவிலும் இழுபடத் தொடங்குகின்றன. அதற்குக் குறைந்த வெப்பத்தில் அவை ஒடியும். ஆகவே மேலோட்டில் ஓர் ஆழத்திற்கு மேலுள்ள பாறை ஒடியும் இயல்பினதாகவும், கீழுள்ளது இழுபடும் இயல்பினதாகவும் இருக்கின்றது. பூகம்பம் என்பது ஒடிதலே. அல்லது, முன் ஒடிந்த இடம் திடீரென வழுக்குதலே. இழுபடும் பாறை தன்மேல் ஏறும் நெருக்கத்தை அவ்வப்போது தணித்துக்கொள்வதால் பூகம்பம் அதற்குள் எளிதிற் பிறப்பதில்லை. எனவே, ஒரு நாட்டில் பூகம்பம் எவ்வளவு ஆழம்வரை பிறக்கக்கூடும் என்பதை அறிய வேண்டுமாயின் அந்நாட்டின் அடியில் வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறுகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

அதை அளப்பது எங்ஙனம்? ஆழ்துளையிட்டு, துளையிட்ட சூடு தணியும்வரை பொறுத்திருந்து, வெப்பமானியை மெல்ல இறக்கி, ஆழத்திற்கு ஆழம் எத்தனை பாகை ஏறுகின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அத்துளையிலிருந்து எடுத்த கல்லை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அது வெப்பத்தைக் கடத்தும் திறனை அளந்து, இரண்டையும் பெருக்கினால் உள்ளிருந்து மேலே வரும் வெப்ப ஓட்டம் கிடைக்கும். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் நம் பக்கத்தில் எண்ணிறந்த துளைகளைப் போட்டிருக்கின்றனவே, அவையெல்லாம் பயன்படாவோ என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. குடிநீர்க் கிணற்றில் நீர் மேலும் கீழும் ஓடி வெப்பத்தைக் கலைத்துவிடும். நீர் கிடைக்காத ஆழமான துளையே நமக்கு உகந்தது. உழவர்க்கு நஷ்டமானது சாஸ்திரிக்கு லாபம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று இருந்தது. அது கோலார்த் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கம், 2001 இல் மூடப்படுமுன் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றிருந்தது. அவ்வாழத்தில் பாறையின் சூடு ஏறக்குறைய 65 பாகை. அங்கு வேலை செய்தவர்க்கு அது நரகவேதனையே, ஐயமில்லை. ஆனால் கணக்கிட்டுப் பார்க்குங்கால், ஒரு கிலோமீட்டர் இறங்க 12 அல்லது 13 பாகை மட்டுமே ஏறியிருக்கின்றது. உலகில் பல இடங்களில் இது 25 பாகை முதல் 30 பாகை வரை ஏறும். ஆகவே அத்தொழிலாளர் அத்துணை ஆழம் இறங்க முடிந்ததற்குக் காரணமே நம் பூமியின் குளிர்ச்சிதான். காம்பே வளைகுடாப் பக்கத்தில் அதே ஆழம் இறங்க எம்மனிதனாலும் இயலாது.

வெப்ப ஓட்டக் கணக்கிலும் இதுவே காணப்படுகின்றது. கண்டங்களின் பொதுவளவு ஒரு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட் எனின், தார்வார்ப் பீடபூமியிலும், அதன் தெற்கே தொடரும் நம் சார்னோகைட்டு நாட்டின் வடபாகத்திலும் அது 36 மில்லிவாட்டை ஒட்டியே இருக்கின்றது. காம்பேயிலோ 75 க்கும் மேல். 36 மில்லிவாட் என்பது எத்துணைச் சிறிது தெரியுமா? 40 வாட் விளக்கொன்றை எரிக்கக் கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் வெப்பம் முழுவதையும் திரட்ட வேண்டும்.

ஒருகால் 700 பாகைக்கு மேல் வெந்த நாடு இன்று ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கின்றது? காலம் கடந்ததால் ஆறிற்று என்பது பாதி விடைதான். மேலோட்டின் வெப்பத்தில் பெரும்பங்கு அதன் பாறைகளுக்குள்ளேயே பிறப்பது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்னும் மூன்றும் அணுச்சிதைவால் இடையறாது சூட்டை வெளியிடுகின்றன. சார்னோகைட்டு ஆழத்தில் வெந்த காலத்தில், நீரும் உருகிய பகுதியும் பிரிந்து மேலே சென்றன. அவற்றோடு இத்தனிமங்களிற் பெரும்பகுதியும் போய்விட்டது. எஞ்சியது வறண்ட பாறை. சாதாரணக் கிரானைட்டுக் கல் பிறப்பிக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கும் நம் சேலத்துப் பக்கத்துச் சார்னோகைட்டில் தேறாது. பழைய வெப்பமே பிற்கால வெப்பத்திற்குரிய விறகைச் சுமந்துகொண்டு போய்விட்டது என்னலாம். இந்தப் பகுதியை நான் வகுப்பில் எத்தனை முறை கற்பித்தாலும் வியப்பு நீங்குவதில்லை.

இனிக் கணக்கைப் போடுவோம். தரையில் 25 பாகை என்று வைத்துக்கொள்க. கிலோமீட்டருக்கு 25 பாகை ஏறும் நாட்டில் 300 பாகை 11 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். 12 பாகை ஏறும் நம் நாட்டிலோ 23 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அதிலும், சார்னோகைட்டில் பெல்ஸ்பாரும் அதனினும் வலிய பைராக்சீனும் மிகுதி, நீரோ இல்லை. நீரற்ற பாறை இழுபட இன்னும் மிகுந்த சூடு வேண்டும். பெல்ஸ்பாரின் 450 பாகையை வைத்துப் பார்த்தால் 35 கிலோமீட்டர் ஆகின்றது. இங்கு மேலோட்டின் முழுப் பருமனே 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே மேலோடு ஏறக்குறைய அடிவரைக்கும் ஒடியும் பதத்திலேயே இருக்கின்றது என்று கொள்ள வேண்டியதாகின்றது. ‘அடிமட்டும் ஒரே கருங்கல்’ என்று அம்முதியவர் சொன்னது மெய்யே. ஆனால் அவர் அதனை அபயமாகக் கொண்டார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இதற்கு இரு பக்கம் உண்டு. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவோடு மோதுகின்றது. அம்மோதலின் நெருக்கம் இமயத்தோடு நிற்பதில்லை. தட்டு முழுவதும் அதனைத் தாங்குகின்றது. வெப்பமான இடத்தில் தட்டின் மேற்பகுதி மட்டுமே வலியது. கீழ்ப்பகுதி இளகியிருப்பதால் சுமை முழுவதும் மெல்லிய மேற்பலகையின்மீது விழுகின்றது. அப்பலகை விரைவில் வளையும், அடிக்கடி முறியும். குளிர்ந்த இடத்திலோ சுமையைத் தாங்குவது பருத்த உத்தரம். ஒவ்வோர் அடுக்கின்மேலும் ஏறும் நெருக்கம் குறைவு. ஆதலின் அசைவும் மிகக் குறைவு. நம் தக்கணம் பெரும்பாலும் அமைதியாயிருப்பதற்குக் காரணம் இதுவே. ஆயினும் அந்த உத்தரம் முறியுமாயின் ஆழம்வரை முறியக்கூடும். குளிர்ந்த பாறையில் அதிர்வலை தேயாமல் நெடுந்தூரம் செல்லும். அன்றியும், ஒருமுறை முறிந்தபின் அடுத்த முறைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். பாட்டன் பூட்டன் காலத்தில் கண்டதில்லை என்பது இங்கே சான்றாகாது. பூகம்பத்தின் தவணை நம் குலமரபுக் கதைகளைவிட நீண்டது.

வெப்பத்தைக்கொண்டே பூகம்பம் வரும் இடத்தையும் குறித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் உளர். இங்கு எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி நதிப் பள்ளத்தாக்கிலுள்ள நியூ மாட்ரிட் பகுதியில் 1811, 1812 ஆண்டுகளில் பெரும் பூகம்பங்கள் நேர்ந்தன. தட்டின் நடுவே அவை ஏன் நேர்ந்தன என்பதற்கு, அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடானது, ஆகவே வலிமை குன்றியது என்று ஒரு கொள்கை எழுந்தது. பின்னர் அளவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அங்கே அத்தகைய தனிச்சூடு இல்லை என்று காட்டினர். நம் நாட்டிலும் அவ்வாறே. 1993 செப்டம்பர் 30 ஆம் நாள் விடியுமுன், மராட்டியத்தில் லாத்தூரை அடுத்த கில்லாரிப் பகுதி 6.2 அளவுள்ள பூகம்பத்தால் அழிந்தது; ஏறக்குறைய பதினாயிரம் பேர் உறக்கத்திலேயே கல்வீடுகளின் கீழ் மாண்டனர். அதன்பின் அவ்விடத்தில் 617 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு வெப்பத்தை அளந்தபோது 43 மில்லிவாட் அளவே காணப்பட்டது. அது பழம்பாறை நாடுகளுக்கு இயல்பான அளவு. வெப்பத்தைப் பார்த்துக் கில்லாரியை யாரும் முன்கூட்டிக் குறித்திருக்க முடியாது. 1997 மே 22 இல் ஜபல்பூரில் நேர்ந்ததோ 35 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது. நருமதைப் பள்ளத்தாக்கு நம் பகுதியைப்போல் அத்துணைக் குளிர்ந்ததன்று. ஆயினும் அங்கு அடியிலுள்ள பாறை கரியதும் வலியதுமாயிருப்பதால் அவ்வாழத்திலும் ஒடிந்தது என்று கருதுகின்றனர். ஆகவே வெப்பம் சொல்வது பாறை எந்த ஆழம்வரை எந்தப் பதத்தில் இருக்கின்றது என்பதையே. எங்கே ஒடியும் என்பதைப் பெரும்பாலும் பழைய காயங்களே சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய பழைய காயம் ஒன்று சேர்வராயன் மலையின் தென்புறத்திலேயே இருக்கின்றது. சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டினம், வாழப்பாடி வழியாக ஆத்தூருக்குச் செல்லும் சாலை நெடிய பள்ளத்தாக்கில் செல்வதை எல்லோரும் பார்த்திருப்பர். வடக்கே சேர்வராயனும் கல்வராயனும், தெற்கே கொல்லிமலையும் பச்சைமலையும் நிற்க, இடையே நிலம் வாய்க்கால்போல் தாழ்ந்திருக்கின்றது. மேலோட்டின் இரு துண்டங்கள் ஒன்றையொன்று உரசிச் சென்ற பட்டை இப்பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. பாறை சூடாயிருந்த காலத்து உரசலில் அது ஒடியாமல், திரிகையில் அரைத்து நீட்டியதுபோல் மெல்லிய வரிகளாக இழுபட்டது. இதனை மைலோனைட்டு என்பர். அப்பெயரே கிரேக்கத்தில் திரிகையைக் குறிக்கும் சொல்லினின்று வந்ததாகும். அதே பட்டையைச் சார்ந்து, ஆத்தூருக்கு அண்மையிலுள்ள கெங்கவல்லிப் பக்கத்தில், வேறொரு கல் இந்தப் பாறைகளை வெட்டிச் செல்லும் கரிய நரம்புகளாகக் காணப்படுகின்றது. பாறை ஒடிந்து அதிவேகமாக வழுக்கும்போது உராய்வின் சூட்டால் ஒருசில விநாடி உருகி, உடனே கண்ணாடிபோல் உறைந்த கல் இது. சூடோடாக்கிலைட்டு என்பது பெயர். பண்டைப் பூகம்பம் தன் கைச்சாத்தை இட்டுச் சென்ற ஓலை இதுவே. ஓரிடத்திலேயே பாகின் இரு பதமும், இழுபட்டதும் ஒடிந்ததும், அருகருகே காணக் கிடைக்கின்றன.

அவ்வுரசல்கள் மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியவை. அப்பட்டை இன்றும் உயிரோடிருக்கின்றது என்று அவற்றைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அண்மைக்காலச் செய்திகளும் உண்டு. 1900 பிப்ரவரி 8 ஆம் நாள், கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள பூகம்பம் பிறந்து தென்னாட்டின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. ஹாலண்டு சார்னோகைட்டைப்பற்றிய தம் பெருநூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 2018 ஜூலை 22 ஆம் நாள் காலையில் சேலம், ஓமலூர், மேட்டூர்ப் பக்கங்களில் 3.3 அளவுள்ள சிற்றதிர்ச்சி உணரப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்தனர். சேதம் இல்லை, ஆனால் ‘ஆதி மலை ஆடாது’ என்னும் வாக்கியத்திற்கு அதுவே போதிய மறுப்பு.

அரசாங்கத்தார் வெளியிட்ட பழைய பூகம்ப வரைபடத்தில் கில்லாரி ஒன்றாம் மண்டிலத்தில், அஃதாவது ஆபத்து மிகக் குறைந்த இடத்தில், குறிக்கப்பட்டிருந்தது. 2002 இல் வெளியான வரைபடத்தில் அந்த ஒன்றாம் மண்டிலமே நீக்கப்பட்டது. அவ்வரைபடத்தில் சேலமும் கோயம்புத்தூரும் சென்னையும் மூன்றாம் மண்டிலத்தில் வைக்கப்பட்டன. கில்லாரியில் மாண்டவர் பலரைக் கொன்றது பூமியன்று. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவரும், அதன்மேலிட்ட மண்கூரையுமே. ஏர்க்காட்டில் நான் கண்டவற்றுள் என்னை உறுத்தியது, சரிவில் ஒருபுறம் பாறையிலும் மறுபுறம் மெலிந்த உயரத் தூண்களிலும் நிற்க, தலையில் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டிருக்கும் மாடிவீடுகள். நீண்ட தூணும் குட்டைத் தூணும் கலந்த கட்டடம் ஆடுங்கால் சுமை பெரும்பாலும் குட்டைத் தூணிலேயே வந்து விழும் என்பதைக் கட்டடக்கலை பயிலும் மாணவர் அறிவர். இரும்புக் கம்பியைச் சற்று நெருக்கமாக வளைத்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு, அவ்வீட்டின் வாசலுக்கு இழைத்த கல் வாங்கும் செலவினும் குறைவே. நம் பழைய மாணவருள் கட்டட வேலையிலும் நகரசபைகளிலும் அமர்ந்திருப்போர் பலர். அவர்கள் பார்வைக்கு இதனை வைக்கின்றேன்.

நான்காம் நாள் மலையிறங்கி, ஆத்தூர் வழியே கெங்கவல்லிப் பக்கம் சென்றோம். வெயிலில் நெடுநேரம் தேடியபின், என்னிடம் வினாவெழுப்பிய அதே மாணவர், வரிவரியான பாறையைக் குறுக்கே வெட்டிச்செல்லும் கரிய நரம்பொன்றைக் கண்டுபிடித்தார். விரற்கடைப் பருமன்தான். கையை அதன்மேல் வைத்து, “இது உருவாக எத்தனை காலம் ஆயிருக்கும், ஐயா?” என்றார். வரிப்பாறைக்குப் பல இலட்சம் ஆண்டு. நரம்புக்கு நீ கேட்ட கேள்விக்கு ஆன நேரம் என்றேன். உடைந்து கீழே கிடந்த துண்டொன்றை எடுத்து என் பையில் இட்டேன். அடுத்த கோடையில் ஏர்க்காட்டுக்குச் செல்லும்போது, வேர்க்கடலை விற்கும் அம்முதியவரிடம் அதனைக் காட்டி, அன்று சொல்லத் தவறியதைச் சொல்லக் கருதியிருக்கின்றேன்.